குப்பைத்தொட்டியில் இருந்த பன்னிரண்டு படங்கள்

வீணா அந்த வேலையில் ஒரு படியைக்கூடத் தாண்டவில்லை. ஒவ்வொன்றையும் எழுதி வைத்து, எண்ணிப் பார்த்து, மறுபடியும் எண்ணிப் பார்த்துத்தான் செய்தாள். பிறகு அவளை யாரும் திட்டக்கூட முடியாமல் போனதற்கு அதுவே காரணம்.

காக்ஸ் டவுனில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது அந்த இல்லம். ஒரு காலத்தில் கைக்குழந்தைகளை வளர்த்துத் தத்து கொடுத்துக்கொண்டிருந்த இடம். அதை நிறுத்தி ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது கீழ்த்தளத்தில், வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகம் மட்டும் நடக்கிறது. மாடியில் ஒரே அறையில் ஆபீஸ். இரண்டு இரும்பு பீரோ, ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். முப்பத்தொரு வருடம் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவர் கேத்தரின் ஆன்ட்டி. மே மாதம் ஓய்வு பெற்று, தங்கவயலில் இருக்கும் தங்கை வீட்டோடு போய்விட்டார். அவர் நாற்காலிக்கு வந்தவள்தான் வீணா.

கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. முடித்தவள். போன் அடித்தால் உடனே எடுக்க மாட்டாள். என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு எடுப்பாள். அதற்குள் பாதிப் பேர் வைத்துவிடுவார்கள். அதில் அவளுக்கு ஒரு நிம்மதி.

வேலையை ஒப்படைத்த நாளில் டிரஸ்டி சேஷகிரி சார் அங்கேயே உட்கார்ந்திருந்தார். விதான சௌதா தலைமைச் செயலகத்தில் பெரிய பதவியிலிருந்து ரிட்டயர் ஆனவர். வியாழக்கிழமைதோறும் வந்து ஃபைல் பார்ப்பார். அவர் முன்னால் கேத்தரின் பீரோ சாவியைக் கொடுத்தார், ரிஜிஸ்டர்களைக் காட்டினார், வேறொன்றும் பேசவில்லை. படியிறங்கும்போதுதான் வீணாவின் கையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணித்தார். அவருடைய போன் நம்பர்.

"ஆகஸ்ட்ல சரசுன்னு ஒருத்தி வருவா. உக்கார வச்சுட்டு எனக்கு ஒரு போன் போடு" என்றார் தணிந்த குரலில். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினார். "கம்ப்யூட்டர்ல எதாவது கை வைக்கறதா இருந்தாலும் போடும்மா."

வீணா தலையாட்டினாள். சீட்டைக் கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்தாள்.

அந்தக் கம்ப்யூட்டர் முக்கி முனகி எழுந்திருப்பதற்குள் ஒரு டம்ளர் காபி குடித்து முடித்துவிடலாம். இரண்டாவது வாரத்தில் அதன் இமெயில் எப்படி வேலை செய்கிறது என்று வீணா பார்த்தாள். வருகிற மெயிலெல்லாம் இந்தக் கம்ப்யூட்டருக்குள் இறங்கிவிடும், இறங்கிய கையோடு வெளியே சர்வரில் இருப்பது அழிந்துவிடும். சர்வரில் இடம் குறைவு என்பதால் என்றைக்கோ யாரோ அப்படி அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பதினெட்டு வருட மெயில்கள். உலகத்தில் வேறு எங்கும் நகல் கிடையாது. எல்லாம் ஒரே ஃபைலாக, இந்த முனகும் பெட்டிக்குள். நாளைக்குக் காலையில் இது எழுந்திருக்கவில்லை என்றால் அவ்வளவுதான்.

சாரிடம் வாயால் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு வெள்ளைத்தாளில் எழுதி ஃபைலோடு வைத்தாள். சேஷகிரி இரண்டு தடவை படித்தார். பதினெட்டு வருடமாக யாருக்கும் தோன்றாதது இந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறதே என்று அவருக்கு சந்தோஷம். அடுத்த வாரமே புதுக் கம்ப்யூட்டர் வந்தது. மெயில் முழுவதும் மூன்று இடத்தில் இருக்க வேண்டும் என்று சொன்னார். புதுக் கம்ப்யூட்டரில் ஒன்று, பீரோவில் வைக்கும் ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, தன்னுடைய பென் டிரைவில் ஒன்று. பென் டிரைவை அவரே பாங்க் லாக்கரில் வைத்துவிடுவார். பழைய கம்ப்யூட்டரில் ஒரு எழுத்துகூட மிஞ்சக் கூடாது. பெற்றவர்கள் பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் உள்ள விஷயம், எவன் கையிலாவது சிக்கினால் ஒரு குடும்பமே தெருவுக்கு வந்துவிடும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

வீணா ஒரு நோட்டில் கட்டம் போட்டாள். இடப்பக்கம் ஃபோல்டர்களின் பெயர், நடுவில் பழைய கம்ப்யூட்டரில் உள்ள எண்ணிக்கை, வலப்பக்கம் மூன்று நகல்களுக்கு மூன்று கட்டம். கல்லூரி லேபில் டைட்ரேஷன் செய்யும்போது மூன்று தடவை ரீடிங் எடுப்பார்கள். மூன்றும் ஒத்துப்போனால்தான் மேடம் கையெழுத்துப் போடுவார். அந்தப் பழக்கம்.

முதலில் பென் டிரைவைச் சொருகினாள். ஃபைல் பெரிதாக இருக்கிறது, ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டது. பென் டிரைவில் இடம் தாராளமாக இருந்தது. இல்லத்துக்கு வழக்கமாகக் கம்ப்யூட்டர் பார்க்கும் சுனிலுக்குப் போன் செய்தாள். எஸ்.பி. ரோடில் கடை வைத்திருப்பவன். அந்த மாதிரி பென் டிரைவில் நாலு ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக ஏறாது என்றான் அவன். பென் டிரைவை முழுசாக அழித்து வேறு விதமாக ஃபார்மட் செய்ய வேண்டும், இல்லையென்றால் ஃபைலை இளைக்க வைக்க வேண்டும்.

பென் டிரைவில் சாருடைய சொந்தக் காகிதங்கள் இருந்தன. அழிக்கலாமா என்று அவரைக் கேட்க வேண்டும். வியாழக்கிழமைவரை காத்திருக்க வேண்டும், இல்லை போன் செய்ய வேண்டும். வீணா ஃபைலை இளைக்க வைப்பது என்று முடிவு செய்தாள்.

எந்த ஃபோல்டர் எவ்வளவு கனம் என்று பார்த்தாள். எல்லாவற்றையும்விடக் கனமானது, டெலீட் செய்த மெயில்கள் போய்க் கிடக்கும் ஃபோல்டர். அதன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குப்பைத்தொட்டி படம். திறந்தாள். துணிக்கடைத் தள்ளுபடி, கடன் வேண்டுமா, லாட்டரியில் பரிசு விழுந்திருக்கிறது என்று வரிசையாக விளம்பரங்கள். கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தாள். இன்னும் விளம்பரங்கள். ஒரேயடியாகக் கடைசிக்குப் போனாள். 2006, வெளிநாட்டுப் பெயர்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் இணைப்பு இருப்பதைக் காட்டும் சின்னக் கிளிப் படம்.

குப்பை எதற்கு இவ்வளவு கனக்கிறது என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். ஆபீஸ் லேண்ட்லைனின் கார்ட்லெஸ் போனை எடுத்து நம்பரை அழுத்தினாள். ஆன்ட்டி, நான் வீணா பேசறேன், டெலீட் பண்ண மெயில் எல்லாம் வேணுமா என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பைத்தியக்காரக் கேள்வியாக இருந்தது. மதியம் இரண்டு மணி, வயதானவர், படுத்திருப்பார். பச்சைப் பட்டனைத் தொடாமல் போனை வைத்தாள்.

குப்பையைக் காலி செய்தாள். நிரந்தரமாக அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. சரி என்றாள். ஃபைலைச் சுருக்கச் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் மூன்றரை ஜிபிக்கு வந்தது. பென் டிரைவில் ஏறியது, ஹார்டு டிஸ்க்கில் ஏறியது, புதுக் கம்ப்யூட்டரில் திறந்தது. பதினோராயிரத்து நானூற்று எண்பத்திரண்டு மெயில்கள். மூன்று கட்டத்திலும் ஒரே எண். பழைய டிஸ்க்கை சுனில் கொடுத்த புரோகிராமைப் போட்டு முழுக்கத் துடைத்தாள், ஒரு நாள் பகல் முழுவதும் ஓடியது. பிறகு பெட்டியை அவனிடமே கொடுத்தனுப்பினாள். சேஷகிரி நோட்டைப் பார்த்து, ஒரு மூலையில் கையெழுத்துப் போட்டார். "ப்ரொசீஜர்னா இப்படி இருக்கணும்" என்றார்.

அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு எதற்கும் பயமில்லாமல் ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் பத்தொன்பது, திங்கட்கிழமை. பதினோரு மணிக்கு ஒரு பெண் படியேறி வந்தாள். நாற்பது வயதிருக்கும். சிவாஜிநகரில் ஒரு லாட்ஜின் சீருடைப் புடவை, கையில் ஒரு பேக்கரி பொட்டலம். கேத்தரின் அம்மா எங்கே என்று கேட்டாள். போய்விட்டார் என்றதும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

நீங்கள் சரசுவா என்று வீணா கேட்டாள். அந்த முகம் அப்படியே இளகியது.

"சொல்லிட்டுத்தான் போயிருக்குதா" என்றபடி உள்ளே வந்தாள். பொட்டலத்தை மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். தில்பசந்த், தேங்காய்ப் பூரணம் வைத்த வட்ட ரொட்டி, எட்டுத் துண்டாக வெட்டியது. வருடா வருடம் இந்தத் தேதிக்கு வாங்கி வருவாளாம். கேத்தரின் அம்மா ஒரு துண்டு, தான் ஒரு துண்டு, மீதி கீழே பிள்ளைகளுக்கு. பேசிக்கொண்டே ஒரு நாற்காலியை இழுத்து, மேஜையைச் சுற்றி வந்து வீணாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மடியில் கை துடைத்துக்கொண்டாள். அந்த இடம் அவளுக்குப் பழகிய இடம் என்பது பார்த்தாலே தெரிந்தது. வீணா போனை எடுத்தாள். கேத்தரின் எடுக்கவில்லை.

"அதுக்கு இன்னாத்துக்கு போனு? எனக்கே தெரியும். அந்தக் குப்பைத்தொட்டியை அழுத்துமா" என்றாள் சரசு.

எந்தக் குப்பைத்தொட்டி என்று வீணா கேட்டாள்.

சரசு விரலை நீட்டி ஸ்கிரீனில் தொட்டுக் காட்டினாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். படத்தை வைத்துத்தான் அவளுக்கு அடையாளம். "இதான். மேல இருக்கறதெல்லாம் சும்னே கடை விளம்பரம். யாராச்சும் தொறந்தா அதான் தெரியணும்னு அம்மா போட்டு வச்சிருக்கும். நீ கீழ தள்ளிக்கினே போ. நீல எழுத்துல என்னுது வரும், அதுல பன்னெண்டு போட்டா இருக்கும். எம் பொண்ணு."

வீணா அழுத்தினாள். ஐந்து விளம்பரங்கள் இருந்தன. புதுக் கம்ப்யூட்டர் வந்த பிறகு அவள் டெலீட் செய்தவை.

"கீழ தள்ளு."

தள்ளினாள். தள்ளுவதற்குக் கீழே ஒன்றும் இல்லை. சரசு இன்னும் கிட்டத்தில் குனிந்து, அந்த ஐந்து வரியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இது புது கம்ப்யூட்டர்க்கா" என்றாள் வீணா. "எல்லாம் இன்னும் வரல. அடுத்த திங்கக்கிழமை வரீங்களா?"

இந்த அரை நாள் லீவு வாங்குவதற்கே சரசு சூப்பர்வைசரிடம் ஒரு வாரம் கெஞ்சியிருக்கிறாள். பரவாயில்லை, மத்தியான ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றாள். போகும்போது, தில்பசந்த் சாப்பிடும்மா, ஆறிப்போனால் நன்றாக இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாலை கேத்தரின் தானே ஆபீஸ் லேண்ட்லைனில் கூப்பிட்டார். சரசு வந்தாளா என்றுதான் கேட்டார். வீணா நடந்ததைச் சொன்னாள். தங்கவயலில் யாரோ டிவி பார்த்துக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அவர் சொன்னதை வீணா துண்டு துண்டாகத்தான் புரிந்துகொண்டாள். வெளிநாட்டுக்குத் தத்துப் போன பிள்ளைகளின் படங்களை, வளர்க்கிறவர்கள் வருடத்துக்கு ஒன்று மெயிலில் அனுப்புவார்கள். ரிப்போர்ட் எழுதி ஃபைல் செய்ததும் அந்த மெயிலை அழித்துவிட வேண்டும், பெற்றவளுக்குக் காட்டக் கூடாது என்பது டிரஸ்ட் போட்ட விதி. வருடக் கடைசியில் சேஷகிரி சார் வந்து, எல்லாம் டெலீட் செய்தாகிவிட்டதா என்று கேட்பார். கேத்தரின் பொய் சொல்லாதவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் முழங்கால் போடுகிறவர். அதனால் ஒவ்வொரு மெயிலையும் டெலீட் செய்தார். ஆகிவிட்டது சார் என்று நிமிர்ந்து நின்று சொன்னார். குப்பையைக் கொட்டினாயா என்று சார் கேட்டதில்லை, கேத்தரின் கொட்டியதுமில்லை. விதியும் மீறவில்லை, படமும் போகவில்லை. பதினெட்டு வருடம் அது அங்கே பத்திரமாக இருந்தது.

வளர்த்தவர்களுக்கு எழுதிக் கேட்க முடியாதா என்று வீணா கேட்டாள். அவர்களுடைய அட்ரஸும் அந்த மெயில்களில்தான் இருந்தது.

"ஒன்பது பேரும்மா" என்றார் கேத்தரின். "சரசு மட்டும்னு நெனச்சியா. செப்டம்பர்ல ரெண்டு பேர். கிறிஸ்துமஸ் முடிஞ்சு ஹெப்பகோடியில இருந்து ஒருத்தி வருவா." மூச்சு வாங்கினார். "உன்ன என்ன சொல்றது. குப்பையை யாரு பத்திரமா எடுத்துட்டுப் போவா. நான் சொல்லியிருக்கணும், அந்த ஆளு பக்கத்துலயே உக்காந்திருந்தாரு."

போன் போடச் சொன்னீர்களே ஆன்ட்டி, நான் நம்பரை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன் என்று வீணா சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை. கேத்தரின் அழுதுகொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு எஸ்.பி. ரோடுக்குப் போனாள். இரண்டு பக்கமும் வயர், கீபோர்டு, பழைய மானிட்டர் அடுக்கி, நடுவில் ஆட்டோவும் ஆளும் இடித்துக்கொண்டு போகிற ரோடு. சுனிலின் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில். பழைய பெட்டியைப் பிரித்து விற்றிருப்பான் என்று பயந்துகொண்டே போனாள். பெட்டியை விற்றுவிட்டான். டிஸ்க் மட்டும் அலமாரியில் இருந்தது. அதைப் பார்த்தபோது வீணாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

சுனில் டிஸ்க்கை ஒரு வயரில் மாட்டினான். அழிந்ததை மீட்கிற புரோகிராமை ஓடவிட்டு டீ சொன்னான். ஸ்கிரீனில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. அது பாதி தூரம் போனபோதே அவன் உதட்டைப் பிதுக்கிவிட்டான். ஆனாலும் அவளுக்காக முழுவதும் ஓடவிட்டான். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு டிஸ்க்கின் உள்ளே இருப்பதை அப்படியே திறந்து காட்டினான். பூஜ்ஜியம். ஒரு பக்கம் முழுக்கப் பூஜ்ஜியம், அடுத்த பக்கம் முழுக்கப் பூஜ்ஜியம்.

"நான் பண்ணியிருந்தா சும்னே ஒரு ஃபார்மட் அடிச்சு விட்டிருப்பேன் மேடம். அதுல இருந்து கொஞ்சமாச்சும் எடுத்துத் தந்திருக்கலாம். நீங்க ஒழுங்கா பண்ணிட்டீங்க" என்றான். கேலி இல்லை. பாராட்டாகத்தான் சொன்னான். பென் டிரைவையும் ஹார்டு டிஸ்க்கையும் பற்றிக் கேட்டான். அவற்றில் ஏறியது சுருக்கிய ஃபைல்தான் என்றாள். சரி, டீயாவது குடியுங்கள் என்றான்.

புதன்கிழமை பூராவும் சேஷகிரி சாரிடம் எப்படிச் சொல்வது என்று எழுதி எழுதிக் கிழித்தாள். வியாழக்கிழமை அவர் வந்து உட்கார்ந்ததும் எழுதியதெல்லாம் மறந்துவிட்டது. குப்பை ஃபோல்டரில் சில படங்கள் இருந்தன சார், பிள்ளைகளின் படங்கள், நான் அழித்துவிட்டேன் என்று மட்டும் வந்தது. கேத்தரின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே காப்பகத்தில் பிள்ளைகள் கன்னடத்தில் ஒன்று, இரண்டு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சரசுவின் பெண்ணுடைய காகித ஃபைலை எடுத்துப் பார்க்கலாமா, அதில் அட்ரஸ் ஏதாவது இருக்குமா என்று வீணா கேட்டாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

அந்த நாட்டில் இருந்த ஏஜென்சியை மூடிப் பல வருடம் ஆகிறது என்றார் அவர். அந்தப் பெண்ணுக்கு இருபத்தொரு வயது முடிந்துவிட்டது. அவளுக்கே தோன்றி, அவளாக எழுதிக் கேட்டால் பீரோவைத் திறக்கலாம். நாமாகப் போய்த் தேடக் கூடாது.

"வீணா, அந்தப் படங்கள் எட்டு ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியே அழிஞ்சாச்சுன்னு ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கு. என் கையெழுத்து" என்றார். அவர் குரல் கடுமையாக இல்லை. ஒரு குழந்தைக்குச் சொல்வது போல இருந்தது. "இல்லாத ஒண்ணு எப்படித் தொலையும், சொல்லு."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த ஃபைலை எடுத்தார். கிளம்பும்போது வாசலில் கொஞ்சம் நின்றார், ஏதோ சொல்லப் போகிறார் என்று அவள் எழுந்து நின்றாள். மழை வரும் போலிருக்கிறது, குடை கொண்டு வந்தாயா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை சரசு பத்தரைக்கே வந்துவிட்டாள். இந்தத் தடவை கையில் பொட்டலம் இல்லை. நாற்காலியை இழுத்து அதே இடத்தில் போட்டாள். வீணா மானிட்டரை அவள் பக்கம் திருப்பவில்லை. சரசு அதைக் கவனித்தாள்.

வீணா சொன்னாள். அழித்தது நான்தான், தெரியாமல் அழித்துவிட்டேன், கடையிலும் எடுக்க முடியவில்லை, இனிமேல் வராது. மூன்று நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததால் தடங்கலில்லாமல் வந்தது. அப்படி வந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சரசு கத்துவாள் என்று நினைத்தாள். அழுவாள் என்று நினைத்தாள். சரசு புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். போனில் படம் எடுத்து வைத்துக்கொள் என்று கேத்தரின் அம்மாவே ஒரு வருடம் சொன்னதாம். இவள்தான் வேண்டாம் என்றாளாம். போன் வீட்டில் எல்லார் கையிலும் போகும். புருஷனுக்குத் தெரியாது, இரண்டு பையன்களுக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் நடந்த சமாச்சாரம். இங்கே இருந்தால்தான் பத்திரம், வருடத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாளாம். முதல் மெயிலில் மூன்று வயதுவரை மூன்று படம், பிறகு வருடத்துக்கு ஒன்று, பன்னிரண்டு வயதுக்குப் பிறகு புதுப் படம் வரவில்லை. அதே பன்னிரண்டைத்தான் ஒன்பது வருடமாகப் பார்த்தாள். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று புதிதாகத் தெரியும் என்றாள். ஒரு தடவை, பின்னாலிருக்கிற சுவரில் மாட்டியிருந்த கடிகாரம். ஒரு தடவை, காலில் சின்னக் கட்டு.

"ஆறாவது போட்டாவுல கையில ஏதோ வச்சிக்கினு இருப்பா" என்றாள். "செவப்பா. ஆப்பிளா, பந்தான்னு போன மாசத்துலேருந்து மண்டையைக் குடையுது. ராத்திரியெல்லாம் அதே நெனப்பு. சரி, ஆகஸ்ட்ல போய்ப் பார்த்தா தெரிஞ்சிடும்னு இருந்தேன்."

வீணாவின் கண் மேஜையில் இருந்தது. சரசுவின் பார்வை தன் முகத்தின் மேல் இருப்பது தெரிந்தது.

"நீ பார்த்தியாம்மா? அழிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணாச்சும் தொறந்து பார்த்தியா?"

திறந்திருக்கலாம். கடைசிவரை போனாள். அந்தக் கிளிப் படத்தைப் பார்த்தாள். ஒன்றை, ஒரே ஒன்றைத் தொட்டிருந்தால் ஒரு குழந்தையின் முகம் ஸ்கிரீனில் வந்திருக்கும். அதற்குப் பிறகு அவள் விரல் எதையும் அழித்திருக்காது. அது ஆப்பிளா பந்தா என்று இன்றைக்குச் சொல்லியும் இருக்கலாம்.

"இல்லக்கா" என்றாள்.

சரசு தலையை ஆட்டினாள்.

"அப்போ பார்த்தவங்க கேத்தரின் அம்மாவும் நானும்தான்" என்றாள். "அம்மாக்கும் கண்ணு சரியாத் தெரியல இப்போ."

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். நாற்காலியைத் தூக்கிச் சுற்றி வந்து, மேஜைக்கு எதிர்ப்பக்கம், வருகிறவர்கள் உட்காரும் இடத்தில் போட்டாள். கேத்தரின் அம்மாவின் போன் நம்பரை எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். வீணா கம்ப்யூட்டர் ஓரத்திலிருந்து சீட்டைப் பிய்த்துக் கொடுத்தாள். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிப் புதியதில் அவளே பத்திரமாக ஒட்டி வைத்திருந்தாள். சரசு அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். வேறு நகல் எடுத்து வைக்கவில்லையே என்று வீணாவுக்கு அவள் படியிறங்கிய பிறகுதான் தோன்றியது.

கீழே கேட் திறந்து மூடிய சத்தம் கேட்டது. செப்டம்பருக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. வரப்போகிற இரண்டு பேரின் பெயரைக் கேத்தரினிடம் கேட்டுக்கொள்ளவில்லை. யாராக இருந்தாலும் வந்ததும் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவார்கள். வீணா குப்பைத்தொட்டியைத் திறந்தாள். அந்த ஐந்து விளம்பரங்கள் அப்படியே இருந்தன. அவற்றை அழிக்க அவளுக்குக் கை வரவில்லை.